அம்மிக்கல்லும் ஏபிஎஸ் விளக்கும்

குமாரபாளையத்தில் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன் தனியாக நின்றுவிட முடியாது. ஒரு பக்கம் திருச்செங்கோடு. காஷ்மீர் வரைக்கும் போய்ப் போர் போடுகிற ரிக் வண்டிகளின் சொந்த ஊர். இன்னொரு பக்கம் சங்ககிரி. அங்கே லாரி இல்லாத வீட்டிலும் லாரியைப் பற்றிப் பேச ஓர் ஆள் இருப்பார். தாண்டிப் போனால் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுவதும் டேங்கர் ஓட்டுவதும் அந்த ஊருக்குக் கைவந்த கலை. இவ்வளவுக்கும் நடுவில் நாங்கள் தறி போட்டுத் துணி நெய்துகொண்டிருக்கிறோமே தவிர, நெய்கிறவன் கையிலும் ஒரு ஸ்பேனர் இருக்கும். பானெட் திறக்கும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி நாலு வீடு தள்ளிக் கேட்கும். வருகிறவர் "என்னாச்சுங்க?" என்பார். பதிலுக்கெல்லாம் காத்திருக்கமாட்டார். "பேட்டரி டவுனு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மேல்முறையீட்டைக் கேட்பதற்காக அங்கேயே நிற்பார்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு சைசிங் மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். ஸ்பேனரின் எந்தப் பக்கம் பிடி என்பதில்கூட எனக்கு உறுதி கிடையாது. ஆனால் எதையும் ஆராய்ந்து அறியவேண்டும் என்ற வெறி உண்டு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவன் வீட்டில் இருப்பவர்கள் படும் பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வண்டி 2009 மாடல். கம்பெனி பேரைச் சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் உழைத்த ஜீவன்மேல் பெயர் போட்டுப் புகார் எழுத மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் ஏபிஎஸ் என்பது டாப் மாடலில் மட்டும் வரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற கார் எல்லாவற்றிலும் அது இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஆகிவிட்டது. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே என் வண்டியில் அது இருந்தது என்பதில் எனக்கொரு கர்வம். கல்யாண வீடுகளில் பேச்சு கார் பக்கம் திரும்பினால், நானாகவே அதை ஏபிஎஸ் பக்கம் திருப்பிவிடுவேன்.

அந்தக் கர்வத்துக்கு டேஷ்போர்டில் ஒருநாள் விளக்கேற்றப்பட்டது. ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், உள்ளே மூன்று எழுத்து.

விளக்கு வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். வண்டியை என்னைவிட அதிகம் ஓட்டுகிறவள் அவள்.

"ஏனுங்க, நிக்கப் போற நேரத்துல பிரேக்கு காலை உதைக்குதுங்க. கடகடங்குது."

"நீ கிளட்ச மிதிச்சிருப்பே."

அவள் பதில் சொல்லவில்லை. இருபது வருஷ இல்லற வாழ்க்கையில் எதற்கெல்லாம் பதில் சொல்லத் தேவையில்லை என்று அவளுக்கு ஒரு பட்டியல் உண்டு.

அம்மாவுக்கு இந்த விளக்கில் ஆட்சேபணையே இல்லை. "எரியற விளக்க ஏண்டா அணைக்கோணுங்கறே? வெள்ளிக்கெழமையும் அதுவுமா" என்றாள். மச்சினன், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, வண்டி வாங்கி விற்கிற ஆட்களோடு சுற்றுகிறவன். அவனுக்கு வைத்தியம் ஒரே வரி: "அந்த பல்பைப் புடுங்கிட்டாத் தீந்துதுங்க மச்சான்."

நான் அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன். படித்ததை மறுநாள் காலை சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லவும் செய்தேன். சங்ககிரியிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஆயுசில் பாதியை லாரி கேபினில் கழித்தவர். அவர் முன்னால் பிரேக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நிதானம் எனக்கு இருந்திருக்கவேண்டும்.

"மாமா, வெள்ளைக்காரங்க இத மொதல்ல விமானச் சக்கரத்துக்குத்தானுங்க கண்டுபுடிச்சாங்க. 1950கள்லயே டன்லப் கம்பெனி பண்ணுச்சு. 1966-ல ஜென்சன்னு ஒரு இங்கிலீஷ் கார்ல அத மாட்டினாங்க. ஆனா கம்ப்யூட்டர் வச்சு ஒழுங்கா வேல செய்யற மாதிரி வந்தது 1978-லதான். ஜெர்மனில பாஷ் கம்பெனி பண்ணிக் குடுத்து, பென்ஸ் காரன் மாட்டினான்."

மாமனார் இட்லியிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த வருசம்ங்கறீங்க மாப்ளே?"

"78-ங்க."

"78-ல நான் ஓட்டினதே பென்ஸ்தான். அதுல அப்பிடி ஒரு எழவும் கெடையாது."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. டாட்டாவும் ஜெர்மனியின் பென்ஸும் 1954-ல் கூட்டுச் சேர்ந்து இங்கே லாரி செய்ய ஆரம்பித்தார்கள். 1969-ல் கூட்டு முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் அதற்கப்புறமும் வெகுகாலம் அதைப் பென்ஸ் என்றே சொன்னார்கள். ஜெர்மன் பென்ஸ் காரையும் ஜாம்ஷெட்பூர் பென்ஸ் லாரியையும் பிரித்துச் சொல்ல நான் எடுத்த முயற்சியில் இட்லி ஆறிப்போனது.

"பிரேக்க அமுக்கிப் புடிச்சா சக்கரம் லாக் ஆயிடுமுங்க. லாக் ஆன சக்கரம் ஸ்டீரிங் பேச்சக் கேக்காது. வழுக்கிட்டு நேராப் போயிரும். ஏபிஎஸ் என்ன பண்ணுதுன்னா, லாக் ஆகப் போற சக்கரத்துக்கு மட்டும் பிரேக்க விட்டு விட்டுப் புடிக்குது. நொடிக்குப் பத்துப் பதினஞ்சு தடவ."

"அதத்தான தொப்பூர் எறக்கத்துல நாங்க காலால பண்ணுனோம். கியரக் கொறச்சுக்கிட்டு, மிதிச்சு மிதிச்சு விடோணும். அமுக்கிப் புடிச்சவன் எல்லாம் பள்ளத்துலதான் கெடந்தான்." சட்னியை வழித்தார். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் இதெல்லாம் மாட்டி வச்சிருக்கான். உங்குளுக்கு வேண்டியதுதான்."

நொடிக்குப் பதினைந்து தடவை மிதிக்க எந்தக் காலாலும் முடியாது. அதிலும் ஒரு சக்கரத்தை மட்டும் தனியாக விட்டுப் பிடிக்க நாலு பிரேக் பெடல் வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மாமனாரிடம் ஜெயித்து என்ன காணப்போகிறோம்.

சங்கதி இவ்வளவுதான். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஏபிஎஸ் பெட்டிக்கு விடாமல் தெரிந்தாகவேண்டும். விசைத்தறியில் நாடா பாயப் பாய ஊடை நூல் இருக்கிறதா என்று ஒரு சின்ன முள் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்குமே, நூல் அறுந்தால் தறியை நிறுத்திவிடுமே, அதே காவல்வேலைதான் சக்கரத்துச் சென்சாருக்கும். பழைய வண்டிகளில் அது வெறும் காந்தம். அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். எதிரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பல் ரிங். ஒரு பல் எதிரே வரும்போதும் விலகும்போதும் சுருளில் துளி மின்சாரம் ஏறி இறங்கும். என் வண்டி ரிங்கில் 44 பல். அறுபதில் போகும்போது நொடிக்கு நானூறு ஏற்ற இறக்கம். பெட்டி அதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. நாலு சக்கரத்தில் மூன்று ஒரே கணக்குச் சொல்லி, ஒன்று மட்டும் திடீரென்று குறைத்துச் சொன்னால், "இது லாக் ஆகிறது" என்று நம்பி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விடுகிறது. அந்த ஒன்று உண்மையிலேயே லாக் ஆனதா, இல்லை பொய்க்கணக்கு எழுதுகிறதா என்று பெட்டிக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளை என்ற முறையில் அந்தப் பெட்டியின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிந்தது.

பொய்க்கணக்கு எழுதும் சக்கரத்தைக் கண்டுபிடிக்க நானும் ஒரு பேரேடு போட்டேன். தேதி, இடம், வேகம், வெயிலா மழையா, வண்டிக்குள் யார் யார் என்று பத்திகள். கத்தேரிப் பிரிவில் திரும்பும்போது உதைத்தது. பள்ளிபாளையம் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோது உதைத்தது. பவானிப் பாலத்தில் மாடு குறுக்கே வந்தபோது உதைத்தது. வட்டமலை தாண்டி பைபாஸில் எண்பதில் போய் பிரேக் பிடித்தபோது ஒன்றும் இல்லை. பக்கம் நிறைய எழுதிக் கூட்டிப் பார்த்ததில் கிடைத்த ஒரே தெளிவான முடிவு, மாமனார் வண்டியில் இருக்கும்போதுதான் விளக்கு அதிகம் வருகிறது என்பது. அந்த முடிவை நான் யாருக்கும் வெளியிடவில்லை.

பேரேட்டோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அங்கே ஏசி அறையில் காப்பி கொடுத்தார்கள். காப்பி கொடுக்கிற இடத்தில் பில் எப்படி இருக்கும் என்று அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். பேரேட்டை வாங்கிக்கூடப் பார்க்காத ஒரு தம்பி, கம்ப்யூட்டரை மாட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஃப்ரன்ட் லெஃப்ட் வீல் ஸ்பீடு சிக்னல்னு கோடு காட்டுது சார். சென்சார், ஹப்பு, டிரைவ் ஷாஃப்ட்டு மூணும் மாத்திப் பார்க்கலாம். அப்பவும் வந்துச்சுன்னா ஏபிஎஸ் மாட்யூல் மாத்திடலாம்."

"மாத்திப் பார்க்கலாம்னா?"

"போயிடும் சார். மோஸ்ட்லி."

எஸ்டிமேட் தாளில் இருந்த தொகைக்கு என் வண்டியையே இன்னொரு தடவை பாதி வாங்கலாம். கம்ப்யூட்டர் சொன்ன கோடு தவறல்ல. ஆனால் அது புகார் எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஒயர் அறுந்ததா, சென்சார் முனையில் அழுக்கா, ரிங் உடைந்ததா, பேரிங் ஆடுகிறதா என்பதை ஆள் குனிந்து பார்க்கவேண்டும். குனிகிறதுக்குப் பதில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்ற வைத்திய முறை, பணம் அடுத்தவனுடையதாக இருக்கும்வரை மிகவும் சிறந்தது.

நான் குனியத் தீர்மானித்தேன். முதல் வேலையாக, வண்டியில் சொருகி செல்போனில் பார்க்கிற சின்ன ஸ்கேனர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். மலிவு. சொருகினேன். கண்முன்னே ஏபிஎஸ் விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருக்க, செல்போன் "வண்டியில் கோளாறு எதுவும் கிடையாது" என்று பச்சை டிக் போட்டது. அந்த மாதிரி மலிவு ஸ்கேனர்கள் 'பி' எழுத்தில் ஆரம்பிக்கிற இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். பிரேக் சம்பந்தப்பட்ட 'சி' கோடுகளைப் படிக்க அதற்கென்று உள்ள ஸ்கேனர் வேண்டும் என்பது பெட்டியைப் பிரித்தபிறகு தெரிந்தது. திருப்பி அனுப்பலாம் என்றால், பெட்டிக்குள் அம்மா ஏற்கெனவே கிராம்பு போட்டு வைத்துவிட்டாள்.

அடுத்தது மல்டிமீட்டர். பெண் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அவளுடையதை இரவல் வாங்கினேன். கொடுக்கும்போதே, "அப்பா, ஏசியா டிசியான்னு பார்த்து வைங்க" என்றாள். அவள் குரலில் மீட்டரைப் பற்றிய கவலைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினேன். வண்டி நகராமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கவேண்டும். மிக்ஸி வந்த நாளிலிருந்து கொல்லையில் அனாதையாகக் கிடந்த அம்மிக்கல்லைப் புரட்டிப் புரட்டிக் கொண்டுவந்து வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

"அம்மிய எங்கீங்க கொண்டு போறீங்க? இன்னிக்கு அதுலதான் அரைக்கலாம்னு இருந்தேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கல்யாணத்தன்று மிதித்ததோடு சரி, அவள் அந்தக் கல்லைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஜாக்கியின் முதல் கிரீச்சுக்கே சபை கூடிவிட்டது. பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர், எதிர்வீட்டு ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார், பாவு பிணைக்க வந்து கரண்ட் போனதால் சும்மா இருந்த இரண்டு பேர். வாத்தியார் சென்சாரைப் பார்த்ததும் உருகிவிட்டார். "இது மைக்கேல் ஃபாரடேங்க! காந்தப்புலம் மாறினா கம்பில மின்சாரம் வரும்னு 1831-லயே சொல்லிட்டார்." 1831-ல் சொன்னவர் இப்போது விளக்கு ஏன் எரிகிறது என்பதைச் சொல்லவில்லை. அதனால் லேத்துக்காரர் பொறுப்பெடுத்துக்கொண்டார். "எலிதானுங்க. ஒயரக் கடிச்சிருக்கும். பானெட்டத் தெறங்க."

திறந்தோம். எலி நிஜமாகவே இருந்திருக்கிறது. தறிப் பட்டறையிலிருந்து வேஸ்ட் பஞ்சைக் கொண்டுவந்து, பேட்டரிக்குப் பின்னால் மெத்தை போட்டுப் பிரசவம் பார்த்திருக்கிறது. ஒரு ஒயரையும் கடித்திருந்தது. எல்லோரும் கைதட்டாத குறை. அந்த ஒயரைச் சேர்த்து டேப் சுற்றியதும், ரொம்ப நாளாக வராத கண்ணாடி கழுவும் தண்ணீர் பீச்சியடித்து வாத்தியார் சட்டையை நனைத்தது. ஏபிஎஸ் விளக்கு அப்படியே இருந்தது.

பிறகு மீட்டரை வைத்தேன். சென்சார் கனெக்டரைக் கழற்றி ஓம் பார்த்தால் ஆயிரத்தை ஒட்டிக் காட்டியது. சந்தேகத்துக்கு வலதுபக்கமும் பார்த்தேன். அதுவும் ஆயிரத்தை ஒட்டித்தான். கம்பி அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது. உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். இரண்டு பக்கமும் வோல்ட் வந்தது. சபையைப் பார்த்து, "சென்சார் நல்லா இருக்கு, ஒயர் நல்லா இருக்கு. ஆக, வண்டியில கோளாறே இல்லை" என்று அறிவித்தேன். ஆன்லைன் ஸ்கேனர் ஒரு வினாடியில் சொன்ன முடிவை எட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

விடிவு லாரிப் பக்கத்திலிருந்து வந்தது. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகிற 544-ஆம் நெடுஞ்சாலையில், சங்ககிரிக்குப் பக்கம் லாரி எலெக்ட்ரீஷியன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பெண் கொடுத்த வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் 2015-லேயே ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. கார்காரர்களுக்கு முன்னால் அந்தத் தலைவலியைக் கண்டவர்கள் லாரிக்காரர்கள்தான். மாமனார் அவரைப் பிடித்து வந்தார். ஏபிஎஸ்ஸே ஏமாற்றுவேலை என்கிற மாமனார் ஏபிஎஸ் மெக்கானிக்கைக் கூட்டிவந்தது எப்படி என்று கேட்காதீர்கள். ஊரில் யாரையாவது எதற்காவது தெரிந்திருந்தால் கூட்டிவந்தே ஆகவேண்டும். அது கொங்குச் சீமையின் தர்மம்.

அவர் மீட்டரைத் தொடவில்லை. என் பேரேட்டையும் தொடவில்லை. "வண்டி யாருங்க ஓட்டறது?" என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். அவர் என்னைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தார்.

"விளக்கு சாவி போட்ட உடனே வருதுங்களா, கொஞ்சம் ஓடுனதுக்கு அப்பறம் வருதுங்களாக்கா?"

"சாவி போட்டா வந்து அணைஞ்சிருதுங்க. ஓடி, நாலஞ்சு தடவ காலை உதைச்சதுக்கு அப்பறந்தான் நின்னு எரியுது."

"எந்நேரமும் உதைக்குதுங்களா?"

"இருவதுக்குக் கீழ வந்து, மெதுவா நிறுத்தறப்ப மட்டுந்தானுங்க. வேகமாப் போயிப் புடிச்சா ஒண்ணும் தெரியறதில்ல."

"ரிங்கு" என்றார் அவர். ஜாக்கியை இன்னும் போடக்கூட இல்லை.

பிறகுதான் விளக்கம். சாவி போட்டதும் பெட்டி எல்லாச் சென்சார்களின் கம்பியையும் ஒருதரம் சோதிக்கும். கம்பி அறுந்திருந்தால் விளக்கு அணையவே அணையாது. அணைந்து, ஓடியபிறகு வருகிறதென்றால் கம்பி சரி, கணக்குத்தான் தப்பு. மெதுவாகப் போகும்போது பல் ஒவ்வொன்றும் நிதானமாக எண்ணப்படுகிறது. ரிங்கில் ஓரிடத்தில் விரிசல் விட்டு இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிப்போயிருந்தால், சுற்றுக்கு ஒருமுறை "சக்கரம் தயங்குகிறது" என்று பெட்டிக்குச் செய்தி போகும். கால் பிரேக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் அது உதைக்கும். அதிவேகத்தில் அந்த ஒரு பல்லின் தடுமாற்றம் கூட்டத்தில் கரைந்துவிடும்.

"லாரியில பாதி நாள் எங்குளுக்கு இது சுலுவுங்க. சென்சார் பின்னுக்குத் தள்ளியிருக்கும். கையால அமுக்கி ரிங்குல முட்ட வச்சாப் போதும், ஓட ஓட அதுவே இடைவெளி எடுத்துக்கும். கார்ல போல்ட்டு போட்டிருப்பான். டார்ச்சும் பழைய பல்லு வெளக்கற பிரஷ்ஷும் குடுங்க."

பிரஷ்ஷைக் கொண்டு சக்கரத்துக்குப் பின்னால், டிரைவ் ஷாஃப்ட் முனையில் இருந்த ரிங்கைத் தேய்த்துக்கொண்டே, சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றச் சொன்னார். பாதிச் சுற்று தாண்டியதும் நிறுத்தினார். பல்லுக்குப் பல் துரு. ஓரிடத்தில் ரிங் குறுக்கே நகக்கீறல் அளவுக்கு விரிசல். அடியில் படிந்த துரு உப்பி, உள்ளேயிருந்து ரிங்கைப் பிளந்திருக்கிறது.

துரு எங்கிருந்து வந்தது என்பதில் சபைக்கு அபிப்பிராய பேதம் இல்லை. 2022 ஆடிப்பெருக்கை ஒட்டி மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடியளவு தண்ணீர் வந்ததே, அப்போது ஆற்றோரத் தெருவில் உறவினர் வீட்டு முன்னால் நின்ற என் வண்டிக்கும் காவேரித்தாய் முழங்கால் அளவுக்கு அருள்பாலித்தாள். வெறும் தண்ணீராக இருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றில் தண்ணீரோடு வேறு என்னென்ன நிறத்தில் வரும் என்பது இந்த ஜில்லாவுக்கே தெரியும். உப்புப் போட்டுச் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மேலே சொன்னால் தெருவில் நடமாட முடியாது.

ரிங் தனியாகக் கிடைக்கும், ஷாஃப்ட்டை மாற்றவேண்டியதில்லை என்றார். ஆனால் பல் எண்ணிக்கை அச்சாக ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பல் கூடக் குறைய இருந்தால் அந்தச் சக்கரம் ஆயுள் முழுக்கப் பொய்க்கணக்கு எழுதும். சபை எண்ணத் தொடங்கியது. லேத்துக்காரருக்கு 43 வந்தது. வாத்தியாருக்கு 45. பாவு பிணைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இழை எண்ணுகிறவர்கள். அவர்கள் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எண்ணி 44 என்றார்கள். வாத்தியார் தன்னுடைய 45-ஐ இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் ரிங் வந்து சேர்ந்தது. விலை, சர்வீஸ் சென்டரில் குடித்த காப்பி ஏழெட்டின் விலை இருக்கலாம். ஷாஃப்ட்டைக் கழற்றி, பழைய ரிங்கை அறுத்து எடுத்து, துருவைச் சுரண்டி, லேத்துப் பட்டறையில் பளபளவென்று தேய்த்தாகிவிட்டது. புது ரிங் லேசில் ஏறாது. சூடு பண்ணினால் விரியும். விரிந்த நொடியில் சொருகிவிட்டால், ஆறும்போது அதுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

"தோசைக்கல்லு இருக்குங்களாக்கா?"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளே சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு பழைய வடச்சட்டி ஒன்று கிடைத்தது. கேஸ் அடுப்பில் வடச்சட்டி, வடச்சட்டிக்குள் ரிங். எவ்வளவு சூடு போதும் என்பதில் மறுபடி சபை இரண்டாகப் பிரிந்தது. வாத்தியார் நூற்றைம்பது டிகிரி என்றார். அதை அளக்க அவரிடம் ஒன்றும் இல்லை. லேத்துக்காரர் சிவக்கட்டும் என்றார். சிவந்தால் ரிங்கின் வலு போய்விடும் என்று மெக்கானிக் பதறினார். வீட்டுக்காரி வந்து, விரல்நுனியில் தண்ணீர் தொட்டுத் தெளித்தாள். துளி அப்படியே கிடந்து ஆவியானது. "இன்னும் ஆகல." கொஞ்சநேரம் கழித்து மறுபடி தெளித்தாள். துளிகள் சொய்ங்கென்று உருண்டு ஓடின. "இப்ப ஊத்துங்க" என்றாள், பழக்கதோஷத்தில்.

இடுக்கியில் எடுத்தார், ஷாஃப்ட்டில் வைத்தார், ஒரு தட்டு. உட்கார்ந்துவிட்டது. கூலியாக அவர் வாங்கியதைச் சொன்னால் அவருக்கு மரியாதை இல்லை. மத்தியானம் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக உட்காரவைத்தார்.

சோதனை ஓட்டம் மறுநாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மண்பாதையில் நடந்தது. தானே ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவேன் என்று மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். முதலில் மெதுவாகப் போய் மெதுவாக நிறுத்தினார். உதை இல்லை, விளக்கு இல்லை. இன்னொரு தடவை. இல்லை. என் முகத்தில் வெற்றிக்களை வருவதைக் கண்ணாடியில் பார்த்தார் போலிருக்கிறது. உடனே வேகமெடுத்து, சரளையில் பிரேக்கை ஓங்கி ஒரே மிதி மிதித்தார். வண்டி கடகடவென்று முனகிக்கொண்டே, கோணாமல் நேராக நின்றது. பின்சீட்டில் இருந்த அம்மா முருகனைக் கூப்பிட்டாள்.

"இப்பவும் காலை உதைக்குதே மாப்ளே!"

"இப்ப உதைக்கறதுதானுங்க மாமா சரி. சக்கரம் லாக் ஆகப் போச்சு, அது விட்டுப் புடிச்சுது. முன்ன, ஒண்ணுமே இல்லாததுக்கு உதைச்சுது."

அவர் கொஞ்சநேரம் யோசித்தார்.

"கெட்டுப் போனாலும் உதைக்குது. நல்லா இருந்தாலும் உதைக்குது. இதுக்குப் போயி ஒரு வடச்சட்டிய வீணாக்கிட்டீங்க."

இதற்குப் பிறகு ஊரில் எனக்கு ஏபிஎஸ் நிபுணர் என்று ஒரு பேர் வந்துவிட்டது. பரப்பியவன் நான்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்டால் முதலில் ஒன்று சொல்வேன்: சாவியைப் போட்டு, இன்ஜினை எழுப்பாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு வரவேண்டும். வந்து ஓரிரு வினாடியில் அணையவேண்டும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. வரவே இல்லையென்றால், கோளாறும் இருக்கிறது, அதை மறைக்க எவனோ பல்பையும் பிடுங்கியிருக்கிறான்.

மச்சினனும் கடைசியில் தனக்கென்று ஒரு கார் பார்த்தான். ஈரோட்டுப் பக்கம் ஒரு புரோக்கரிடம். நிபுணர் என்ற முறையில் என்னையும் கூட்டிப் போனான். புதுப் பெயின்ட், புதுச் சீட் கவர், உள்ளே மல்லிகைப்பூ வாசனை ஸ்ப்ரே. நான் யாரோடும் பேசாமல் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டேன். டேஷ்போர்டு இருட்டாக இருந்தது. ஏபிஎஸ் விளக்கு வரவில்லை. ஏர்பேக் விளக்கு வரவில்லை. ஆயில் விளக்குகூட வரவில்லை. தலையை வெளியே நீட்டி, "என்னங்க இது, ஒரு லைட்டுமே எரியலையே?" என்று கேட்டேன்.

புரோக்கர் வண்டியின் கூரைமேல் பாசமாகக் கையை வைத்தார். "நம்ம வண்டியில எந்த லைட்டும் எரியாதுங்க சார். அவ்வளவு கண்டிஷனு."

மச்சினன் என்னைப் பெருமையாகப் பார்த்தான்.